சியோலின் மையப்பகுதியை ஆராயப் போகும் குழு எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஐந்து பேர், சியோல் மாநகரின் மையப்பகுதிப் போக்குவரத்தைப் பற்றி அறிக்கை எழுத ஒரு வாரம் அங்கே போகிறார்கள். கையில் இருக்கும் பட்டியல் இது: சொங்கேச்சொன் ஓடை, குவாங்ஹ்வாமுன் சதுக்கம், ஜொங்னோ சாலையின் நடுவே ஓடும் பேருந்துத் தடம், டோபிஸ் எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம். ஒரு வாரத்தில் உருப்படியாக என்ன தெரிந்துகொள்ள முடியும், இதில் எதைச் சேர்க்கலாம் என்பது கேள்வி.

பட்டியலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அங்கே போகும் எல்லாக் குழுக்களும் இதே நான்கு இடங்களைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. அப்புறம் அறிக்கைகளும் ஒரே மாதிரி வருகின்றன: தடம் போட்டார்கள், ஓடையைத் திறந்தார்கள், நகரம் மாறியது என்று. அந்த மாற்றத்தை நடத்திக் காட்டியது பேருந்து நிறுவனங்களுக்குப் பணம் போய்ச்சேரும் வழியை மாற்றிய ஒப்பந்தம். அது கண்ணுக்குத் தெரியாது, படம் எடுக்க முடியாது, அதனால் அறிக்கையில் ஒரு பத்தியோடு போய்விடுகிறது. உங்கள் வாரத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மையப்பகுதி என்று சியோலில் சொல்வது பழைய ஹன்யாங் கோட்டைச் சுவருக்கு உட்பட்ட பகுதி. ஜொங்னோ, ஜுங் என்ற இரண்டு மாவட்டங்களில் 15 வார்டுகள், மொத்தம் 16.7 சதுர கிலோமீட்டர். 2017-இல் இதைப் பசுமைப் போக்குவரத்து மண்டலம் என்று அறிவித்தார்கள். 2019 டிசம்பரிலிருந்து ஐந்தாம் தர வண்டிகள், அதாவது பெரும்பாலும் பழைய டீசல் வண்டிகள், காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை இதற்குள் வரக் கூடாது. வந்தால் ஒரு நாளைக்கு 1,00,000 வோன் அபராதம். நுழைவு வழிகளில் கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். ஆக எல்லை ஏற்கெனவே சட்டத்தில் வரையப்பட்டிருக்கிறது. நீங்கள் புதிதாக ஒன்று வரைந்தால் உங்கள் எண்களை மாநகராட்சியின் எண்களோடு ஒப்பிடவே முடியாமல் போகும். இன்னொன்றையும் வரைபடத்தில் பாருங்கள். நான்கு பக்கமும் மலை. தெற்கே நம்சான், வடக்கே புகாக்சான், மேற்கே இன்வாங்சான், கிழக்கே நக்சான். உள்ளே வரும் வழிகள் குறைவு என்பதால்தான் சுரங்கப் பாதையில் கட்டணம் வைப்பது போன்ற ஒரு முறையை அங்கே செய்து பார்க்க முடிந்தது.

சொங்கேச்சொன் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். ஓடையை மூடிப் போட்ட சாலையையும் அதன் மேலிருந்த உயர்மட்டச் சாலையையும் சேர்த்துத் தினமும் 1,68,000 வண்டிகள் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தன. 2003 ஜூலை 1-ஆம் தேதி இடிக்கத் தொடங்கி 2005 அக்டோபர் 1-ஆம் தேதி 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். எல்லோரும் பயந்த மாதிரி நகரம் முடங்கிவிடவில்லை. இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போவது தேதிகள். இடிப்பு தொடங்கிச் சரியாக ஓராண்டு கழித்து, 2004 ஜூலை 1-ஆம் தேதி, பேருந்துச் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. இரண்டும் ஒரே மேயரின், அப்போதைய லீ மியுங்-பாக்கின், ஒரே பதவிக்காலத்தில் நடந்தவை. சாலையை எடுத்தது மட்டும் உங்கள் அறிக்கையில் இருந்து, பேருந்தைச் சரிசெய்தது இல்லாவிட்டால், படிப்பவர் தன் ஊரில் ஒரு சாலையை மட்டும் இடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

சரி, அந்தச் சீர்திருத்தத்துக்கு வருவோம். அதற்கு முன் சியோலின் பேருந்துகளை ஐம்பதுக்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்கள் நடத்தின. ஏறும் பயணிதான் வருமானம். அதனால் கூட்டமான சாலைகளில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவார்கள், ஆள் குறைவான நிறுத்தத்தில் நிற்காமல் போவார்கள், லாபம் தரும் வழித்தடத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்த நிலையில் நீங்கள் எவ்வளவு அழகான பேருந்துத் தடம் போட்டுக் கொடுத்தாலும் அது பந்தய மைதானமாகத்தான் ஆகும்.

2004-இல் செய்தது இதுதான். பயணக் கட்டணம் முழுவதும் ஒரு பொதுக் கணக்கில் சேரும். நிறுவனத்துக்கு அது ஓட்டிய தூரத்துக்கும் சேவைக்கும் ஏற்ப மாநகராட்சி நிர்ணயித்த அடக்க விலையின்படி பணம் வரும். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது நிறுவனத்தின் கவலை இல்லை. வழித்தடங்களைத் திருத்தும் அதிகாரம் மாநகராட்சியிடம் வந்தது. நீலம் முக்கியச் சாலைகளில் நீண்ட தூரம், பச்சை ரயில் நிலையங்களோடு இணைக்கும் கிளை, சிவப்பு புறநகர், மஞ்சள் மையப்பகுதிச் சுற்று என்று வண்டிகளைப் பிரித்தார்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்து மொத்த தூரத்துக்கு ஒரே கட்டணம். முதல் 10 கிலோமீட்டருக்கு அடிப்படைக் கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 வோன். பகலில் 30 நிமிடத்துக்குள் மாறி ஏறினால் மறுபடி அடிப்படைக் கட்டணம் கிடையாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: மாறி ஏறுவது இலவசம் என்றால்தான் ஒரே பேருந்து ஊர் முழுக்கச் சுற்றி வர வேண்டிய கட்டாயம் போகும். அந்தக் கட்டாயம் போனால்தான் மையப்பகுதிக்குள் குவியும் வழித்தடங்களைக் குறைக்கலாம். நிறுவனத்துக்கு வருமானம் பயணியிடமிருந்து வராதபோதுதான் அது இந்தக் குறைப்புக்குச் சம்மதிக்கும். ஒன்றை உருவினால் மற்றதெல்லாம் விழுந்துவிடும்.

தொடக்கம் நன்றாகவும் இருக்கவில்லை. முதல் நாளே டி-மணி என்ற புதிய பயண அட்டையைப் படிக்கும் கருவிகள் பழுதாயின. கங்னம்-தேரோ சாலையில் சிவப்புப் பேருந்துகளையெல்லாம் நடுத்தடத்துக்குள், அதாவது சாலை நடுவே பேருந்துக்கென ஒதுக்கிய தடத்துக்குள், விட்டதால் அவை ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. மேயர் மன்னிப்புக் கேட்டார். பிறகு சில வழித்தடங்களை நடுத்தடத்திலிருந்து எடுத்து ஓரத்துக்கு அனுப்பித்தான் அதைச் சரிசெய்தார்கள். இந்தச் சம்பவம் உங்கள் குழுவுக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் நடுத்தடத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பது நிறுத்தம்தான் என்று அது காட்டிக் கொடுத்தது. தடத்தில் இடம் எவ்வளவு இருந்தாலும் ஒரு நிறுத்தத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேருந்து நிற்கலாம், ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கிறது என்பதைத் தாண்டி எதுவும் போக முடியாது.

ஜொங்னோவுக்குப் போகும்போது இதை நேரில் பாருங்கள். செஜொங்-தேரோ சந்திப்பிலிருந்து ஹுங்இன்ஜிமுன் கோட்டை வாசல் வரை 2.8 கிலோமீட்டர் நடுத்தடம், 2017 டிசம்பர் கடைசி நாளில் திறந்தது. அந்தச் சாலையின் இரண்டாம் பகுதியான ஜொங்னோ 2-கா பக்கம் ஒரு நடைமேடையில் மாலை ஆறு மணிக்கு ஸ்டாப் வாட்சோடு நில்லுங்கள். முன் கதவில் ஏறுகிறார்கள், பின் கதவில் இறங்குகிறார்கள். இறங்குகிறவர்களைக் கவனியுங்கள்: வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்து வந்து, ஓடும்போதே அட்டையைப் பின் கதவருகே இருக்கும் கருவியில் தட்டிவிட்டுத் தயாராக நிற்பார்கள். கதவு திறந்ததும் கொட்டியது போல இறங்கிவிடுவார்கள். இறங்கும்போது தட்டாவிட்டால் மாறி ஏறும் சலுகை போய்விடும் என்பதால் வந்த பழக்கம் இது. அதே தட்டல்தான் பேருந்தின் நிற்கும் நேரத்தையும் குறைக்கிறது, பயணி எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்ற தகவலையும் கொடுக்கிறது. பல நகரங்களில் ஏறும்போது மட்டும்தான் தட்டுவார்கள்; இறங்கிய இடத்தை ஆலோசகர்கள் ஊகித்துக் கணக்குப் போடுவார்கள். சியோலில் அந்த ஊகம் தேவையில்லை. இரண்டு முறை நிற்கும் பேருந்துகளையும் எண்ணுங்கள், அதாவது முன்னால் இடமில்லாமல் பின்னால் ஒரு முறை நின்று, பிறகு நகர்ந்து மறுபடி நிற்பவை. அந்த எண்ணிக்கை ஏறினால் நிறுத்தம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது இந்த ஒப்பந்தத்தின் மறுபக்கம். நிறுவனத்துக்கு நஷ்டம் வராது என்று உறுதி கொடுத்தால், நஷ்டம் வேறு எங்காவது போய்ச் சேர வேண்டும். அது மாநகராட்சியின் தலையில் சேர்ந்தது. கட்டணத்தை உயர்த்தாத ஆண்டுகளில் மானியம் ஏறியது, கொரோனா காலத்தில் பயணிகள் குறைந்தபோது மிகவும் ஏறியது. நிலையான வருமானம் என்று தெரிந்ததும் முதலீட்டு நிதிகள் வந்து பேருந்து நிறுவனங்களை வாங்கத் தொடங்கின. இருபது ஆண்டு முடிந்த நிலையில், 2024 அக்டோபரில் மாநகராட்சி இந்த முறையையே திருத்தப்போவதாக அறிவித்தது. ஆண்டு முடிந்ததும் உண்மையான பற்றாக்குறையை ஈடுகட்டுவதற்குப் பதில், முன்கூட்டியே ஒரு தொகையை நிர்ணயித்துக் கொடுப்பது அதில் முக்கியமானது. இதைக் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. நல்ல பேருந்துச் சேவைக்குப் பொதுப்பணம் வேண்டும் என்பதை அந்த நகரம் ஏற்றுக்கொண்டது, அது பெரிய விஷயம். ஆனால் உங்கள் அறிக்கையைப் படிக்கும் அதிகாரிக்கு அந்தத் தொகையைச் சொல்லாமல் நடுத்தடத்தின் புகைப்படத்தை மட்டும் கொடுத்தால் அது நேர்மையான அறிக்கை ஆகாது.

அடுத்து நான் சேர்க்கச் சொல்வது நம்சான் சுரங்கப் பாதைகள். இது உங்கள் பட்டியலில் இல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது. முதல், மூன்றாம் சுரங்கங்களில் 1996 நவம்பர் 11 முதல் நெரிசல் கட்டணம் வாங்குகிறார்கள். 2,000 வோன். மூன்று பேர் அல்லது அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் காருக்குக் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் பலன் நன்றாகவே இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் நெரிசல் நேரத்து வண்டிகள் ஏறக்குறைய கால்வாசி குறைந்து, வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 பக்கம் போனது. பிறகு? கட்டணம் இன்று வரை அதே 2,000 வோன். 1996-இல் பேருந்துக் கட்டணம் 400 வோன், அப்போது சுரங்கத்தைக் கடப்பது ஐந்து பேருந்து டிக்கெட்டுக்குச் சமம். 2023 ஆகஸ்டில் பேருந்துக் கட்டணம் 1,500 வோன் ஆனது. இப்போது ஒன்றேகால், ஒன்றரை டிக்கெட்தான். விலையைத் தொடாமல் விட்டால் விலை தானாகவே கரைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2023 மார்ச் 17 முதல் இரண்டு மாதம் ஒரு சோதனை செய்தார்கள். முதல் மாதம் மையத்திலிருந்து கங்னம் பக்கம் வெளியேறும் திசைக்கு மட்டும் கட்டணத்தை நிறுத்தினார்கள். இரண்டாம் மாதம் இரு திசைக்கும். வெளியேறும் திசையை மட்டும் விட்டபோது வண்டிகள் ஏறக்குறைய 5 சதவீதம் கூடின. இரண்டையும் விட்டபோது 13 சதவீதம் கூடின. சுரங்கத்தின் மையப்பகுதி வாயில் சேரும் சம்இல்-தேரோ, சோகொங்-ரோ சாலைகளில் வேகம் விழுந்தது. கங்னம் பக்கச் சாலைகளில் பெரிய மாற்றம் இல்லை. அதன்படி 2024 ஜனவரி 15 முதல் உள்ளே வருகிறவர்களிடம் மட்டும் வாங்குகிறார்கள். 1996-இல் நிர்ணயித்த, இவ்வளவு தேய்ந்துபோன கட்டணமே 13 சதவீத வண்டிகளைத் தடுத்து வைத்திருந்தது என்று இந்தச் சோதனை நிரூபித்தது. நெரிசல் கட்டணம் பயன் தராது என்று வாதிடுகிறவர்களுக்கு மாதிரிக் கணக்கைக் காட்டுவதைவிட இதைக் காட்டலாம். கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்ற முடிவுக்கு ஏன் போகவில்லை என்று அங்கே கேளுங்கள். விலக்குப் பெறும் வண்டிகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள், அது நீளமானது.

பார்க்கிங் பற்றி இரண்டு வார்த்தை. 1997 முதல் மையப்பகுதியில் கட்டும் புதிய கட்டடங்களில் இத்தனைக்கு மேல் கார் நிறுத்துமிடம் கட்டக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. பெரிய கட்டடங்கள் தங்களால் வரும் போக்குவரத்துக்காக ஆண்டுதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். ஊழியர்களின் கார் வரவைக் குறைக்கும் ஏற்பாடுகள் செய்தால் அதில் தள்ளுபடி உண்டு. எந்தச் சுற்றுலாப் படத்திலும் வராத இந்த இரண்டு விதிகளும்தான் அலுவலகத்துக்குக் காரில் வருவதை மெதுவாகக் குறைத்தவை. குவாங்ஹ்வாமுன் பக்கம் ஏதாவது ஓர் அலுவலகக் கட்டடத்தின் மேலாளரைச் சந்தித்து, கீழே எத்தனை கார் நிற்கிறது, யாருக்குப் பாஸ் கொடுக்கிறார்கள் என்று அரை மணி நேரம் பேசினால் போதும்.

எப்போது கணக்கெடுப்பது என்பது பெரிய விஷயம். சனிக்கிழமை குவாங்ஹ்வாமுன் சுற்றுவட்டாரத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். பேரணியும் போராட்டமும் நடக்காத சனிக்கிழமை அபூர்வம், பல தடங்களை மூடிவிடுவார்கள். சொல்லால் என்ற சந்திரப் புத்தாண்டு, சூசொக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறைகளின்போதும், ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஊர் காலியாக இருக்கும். நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை கல்லூரி நுழைவுத் தேர்வு வரும். மாணவர்கள் நெரிசலில் சிக்கக் கூடாது என்று அன்று அரசு அலுவலகங்களே பத்து மணிக்குத்தான் திறக்கும். அன்று எடுத்த காலை நேரக் கணக்கை வைத்துப் போக்குவரத்தைக் கணிக்கும் மாடல் செய்தால் அவ்வளவுதான்.

நேரத்தை விடவும் முக்கியம், எந்தப் பகுதியில் எந்த நேரம் என்பது. காலை ஏழு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஏழு என்ற வழக்கமான கணக்கெடுப்பு அலுவலகப் பகுதிக்குப் பொருந்தும். தொங்தேமுனுக்குப் பொருந்தாது. அங்கே துணி மொத்த வியாபாரக் கட்டடங்கள் இரவு எட்டு மணி வாக்கில்தான் திறக்கும், விடியும்வரை நடக்கும். நள்ளிரவில் போய்ப் பாருங்கள். நடைபாதை ஓரம் முழுக்க ஆள் உயரத்துக்கு அடுக்கிய பிளாஸ்டிக் மூட்டைகள், ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் கடைப்பெயர். வெளியூர்க் கடைகளுக்காகச் சரக்கு வாங்கிச் சேர்க்கும் ஆட்களைக் கடைக்காரர்கள் ‘சித்தப்பா’ என்று அழைப்பார்கள். அவர்கள் மாடிக்கு மாடி ஓடிச் சரக்கைத் திரட்டிக் கொண்டுவந்து போடுவார்கள். மோட்டார் சைக்கிள்கள் இடைவெளி இல்லாமல் வந்து போகும், சிறு லாரிகள் இரண்டாம் வரிசையில் நிற்கும். அந்தச் சாலையின் உச்ச நேரம் அதுதான். அதைப் பகல் நேரக் கணக்கில் தேடினால் அமைதியான சாலை என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

சுங்முரோவுக்கும் உல்ஜிரோவுக்கும் இடையே இருக்கும் அச்சகச் சந்துகளும் இதே மாதிரி. அங்கே ஒரு பட்டறை காகிதம் வெட்டும், அடுத்தது அச்சடிக்கும், இன்னொன்று மேல்பூச்சுப் போடும், வேறொன்று கட்டும். ஒரு வேலை முடிந்த காகிதத்தை அடுத்த பட்டறைக்குக் கொண்டுபோவது மூன்று சக்கர மோட்டார் வண்டிகள். லாரி நுழைய முடியாத சந்தில் அவை காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பின்வாங்கித் திரும்புவதை நீங்கள் பார்க்க வேண்டும். சந்து முழுவதும் ஒரே தொழிற்சாலை. நடுவில் ஓடும் வண்டிதான் அதன் கன்வேயர் என்பது நின்று பார்த்தால் புரியும். உங்கள் கணக்கெடுப்புத் தாளில் கார், பேருந்து, லாரி, இருசக்கர வண்டி என்று கட்டங்கள் இருக்கும். இந்த வண்டிக்கு ஒரு கட்டம் தனியாகப் போட்டுக்கொண்டு போங்கள். மறுசீரமைப்புத் திட்டங்கள் இந்தச் சந்துகளைப் படிப்படியாக விழுங்கிவருகின்றன. அங்கே உழைக்கிறவர்களைக் கணக்கிலேயே கொண்டுவராமல் அகலச் சாலை போடச் சொல்லும் ஆலோசகர் அறிக்கைகள் மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு.

மாடல் போடுகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மையப்பகுதியில் பல சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்ப அனுமதி இல்லை. சந்திப்பைத் தாண்டிப் போய் வலப்பக்கமாக மூன்று முறை திரும்பித்தான் வர வேண்டியிருக்கும். அந்தச் சுற்று வண்டிகள் சிறு தெருக்களில் விழும். 2023 ஜனவரியிலிருந்து சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பும் முன் வண்டியை முழுதாக நிறுத்தியே ஆக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. பாதசாரிகள் நிறைந்த சந்திப்பில் ஓரத் தடம் எவ்வளவு வண்டியை விடும் என்ற பழைய மதிப்பை அப்படியே போடாதீர்கள். 2021 ஏப்ரலிலிருந்து நகரச் சாலைகளில் 50, உட்தெருக்களில் 30 என்பதே பொதுவான வேக வரம்பு. மாநகராட்சி வெளியிடும் வேகத் தகவல் பெருமளவு டாக்சிகளின் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருவது என்பதையும் நினைவில் வையுங்கள். டாக்சி ஆள் தேடி ஊர்வதும் அதில் கலந்திருக்கும். வழிகாட்டும் செயலிக்கு கூகுள் மேப்பை நம்பாமல் நேவர் அல்லது ககாவோ வரைபடத்தைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

டோபிஸ் மையத்தில் பெரிய திரைகளைப் பார்ப்பதில் பொழுதைக் கழிக்காமல், தகவலை வைத்து எடுத்த முடிவு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல உதாரணம் 2013-இல் வந்த ஆந்தைப் பேருந்து, அதாவது நள்ளிரவுச் சேவை. நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் நடந்த 300 கோடி கைப்பேசி அழைப்புகளின் பதிவைக் கேடி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாங்கி, அந்த நேரத்தில் மக்கள் எங்கே இருக்கிறார்கள், வீடு எங்கே என்று பார்த்து வழித்தடங்களை வரைந்தார்கள். ஏப்ரலில் இரண்டு தடங்களில் சோதித்து, செப்டம்பரில் ஒன்பதாக்கினார்கள். இரவில் வேலை முடிந்து டாக்சிக்குக் காசில்லாமல் நின்றவர்களுக்கு அது பெரிய உதவி.

பின்வாங்கிய முடிவுகளையும் போய்ப் பாருங்கள். வருகிற குழுக்கள் இதைச் செய்வதே இல்லை. குவாங்ஹ்வாமுன் சதுக்கத்தை 2009-இல் திறந்தபோது அது சாலையின் நடுவில், இரு பக்கமும் வண்டிகள் ஓட, தனியாகக் கிடந்தது. போக வர வசதியில்லை, நிழல் இல்லை என்று விமர்சனம் வந்தது. 2022 ஆகஸ்டில் மேற்குப் பக்கச் சாலையை மூடி, சதுக்கத்தைக் கலையரங்கத்தின் பக்கம் ஒட்டவைத்துத் திறந்தார்கள். சின்சொனில் யோன்செ-ரோ என்ற சாலை கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தாலும் அரை நாள் ஒதுக்கத் தகுந்தது. 2014 ஜனவரியில் நான்கு தடத்தை இரண்டாக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, பேருந்துக்கு மட்டும் என்று விட்டார்கள். பரிசு பெறும் திட்டமாக எல்லோரும் காட்டினார்கள். பிறகு கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்துவிட்டது என்றார்கள், மாணவர்கள் நடக்க இடம் வேண்டும் என்றார்கள். 2023-இல் சில மாதங்கள் கார்களை விட்டுப் பார்த்து, மறுபடி நிறுத்தி, கடைசியில் 2025 ஜனவரியில் தடையை முழுவதும் நீக்கினார்கள். வியாபாரம் விழுந்ததற்கு ஆன்லைன் கடைகளும், பக்கத்து ஹொங்தே பகுதிக்கு இளைஞர்கள் நகர்ந்ததும், கொரோனாவும் காரணம் என்பது என் கருத்து. ஆனாலும் தெருவில் கார் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற காரணம், பழி அதன் மேல் விழுந்துவிட்டது. இத்தகைய திட்டம் போடும் யாரும் தொடக்கத்திலிருந்தே கடைகளின் விற்பனைத் தகவலைச் சேகரித்து வைக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து வாதம் வரும்போது கையில் எண் இருக்க வேண்டும்.

சொங்கேச்சொன் கதையிலும் இப்படிக் கடைக்காரர்களின் பக்கம் ஒன்று உண்டு. கடைக்காரர்களோடு மாநகராட்சி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை பேசியதாகச் சொல்வார்கள், அது உண்மையில் பெரிய உழைப்பு. தெரு வியாபாரிகளை தொங்தேமுன் விளையாட்டு அரங்குக்கு மாற்றினார்கள். அந்த அரங்கையும் சில ஆண்டுகளில் இடித்ததால் அவர்கள் மறுபடி சின்சொல்-தொங்குக்கு மாற வேண்டியதாயிற்று. கருவிக் கடைக்காரர்களுக்காக நகரின் தென்கிழக்கில் கட்டிய கார்டன் ஃபைவ் வளாகத்துக்குப் பெரும்பாலோர் போகவில்லை. எதிர்பார்த்ததைவிட விலை அதிகம், வாடிக்கையாளர் கூட்டம் அங்கே இல்லை. ஓடையைப் பார்த்த நாள் மாலையே மெட்ரோ ஏறி அந்த வளாகத்துக்கும், சின்சொல்-தொங் சந்தைக்கும் போய் வாருங்கள்.

வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் யாரையும் சந்திக்காமல் நடந்து, எண்ணி, பேருந்தில் போய் வாருங்கள். அதில் ஓர் இரவு தொங்தேமுனுக்கு. மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு பேருந்துப் பணிமனை. முதல் வண்டி நாலு மணிக்கே கிளம்பிவிடும், ஓட்டுநர்களும் நேரம் குறிப்பவரும் அந்த நேரத்தில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். மாநகராட்சியையும் டோபிஸையும் நாலாம் நாளுக்கு வையுங்கள். முதல் நாளே போனால் அவர்கள் தயாராக வைத்திருக்கும் காட்சியுரையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி எழுந்து வர வேண்டியிருக்கும். நாலாம் நாள் போனால் உங்களிடம் ஜொங்னோவில் இரண்டு முறை நின்ற பேருந்துகளின் எண்ணிக்கை இருக்கும், கேள்வி கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது போக்குவரத்துத் துறைச் சொற்கள் தெரிந்தவராகப் பாருங்கள், அவரையும் பணிமனைக்கு அழைத்துப் போங்கள். அடக்க விலைச் சூத்திரம், நிறுவனவாரியாக மானியம், வழித்தடவாரியாகப் பயணிகள் எண்ணிக்கை, இந்த மூன்றையும் போவதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நேரில் போய்க் கேட்டால் வேறு துறையிடம் கேட்க வேண்டும் என்பார்கள், உங்கள் வாரமும் முடிந்துவிடும்.